செப்புக் குழாயில் மெல்ல இறங்கும் காந்தம்: காந்த பிரேக்கை வீட்டில் செய்து பார்க்கும் முறை

உராய்வே இல்லாமல் வேகத்தைக் குறைக்கும் காந்த பிரேக்கைப் புரிந்துகொள்ள அரை மீட்டர் செப்புக் குழாயும், அதனுள் தளர்வாக நுழையும் நியோடிமியக் காந்த வில்லைகளும் போதும். (நம் மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்திலும் நியோடிமியம் உண்டு.) நாகர்கோவிலில் ஏசி பழுதுபார்ப்பவர்களிடம் மிஞ்சிய குழாய்த் துண்டு கிடைக்கும். அலுமினியம் மலிவுதான், ஆனால் அதன் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 விழுக்காடே என்பதால், தடித்த சுவருடைய செம்பையே நான் பரிந்துரைப்பேன்.

படி 1: குழாயைத் தயார் செய்தல். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஏசி குழாய் சுருளாக வருவதால், தட்டையான தரையில் உருட்டி நேராக்க வேண்டும். சிறு வளைவு இருந்தாலும் காந்தம் சுவரில் உரசுவதால், வேகம் குறைந்தது உராய்வினாலா, காந்தம் விழுவதால் செம்பில் எழும் மின்னோட்டத்தினாலா என்று பிரித்தறிய முடியாது. குழாய் வெட்டும் கட்டர் விளிம்பை உட்பக்கமாக மடக்கி வாயைக் குறுக்கிவிடும். ஆகவே ஹாக்ஸா பிளேடால் அறுத்து, உள்விளிம்பை உருண்டை அரத்தால் ராவுவதே நல்லது.

படி 2: வில்லைகளை, அவற்றின் விட்டத்தைவிட நீளமான அடுக்காகச் சேர்த்துக்கொள்ளவும், இல்லையெனில் உள்ளே புரண்டுவிடும்.

படி 3: குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, முதலில் காந்தமல்லாத ஒரு சிறு பொருளையும், பிறகு காந்தத்தையும் போடவும். முன்னது சுமார் 0.32 நொடியில் விழும். காந்தமோ கண்ணுக்குத் தெரியுமளவு தாமதமாகவே வெளிவரும்.

காரணம் இதுதான்: விழும் காந்தத்திற்குக் கீழேயுள்ள குழாய்ப் பகுதியில் காந்தப்பாயம் (அதன் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் அளவு) கூடுகிறது, மேலேயுள்ள பகுதியில் குறைகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டலின்படி, அதாவது காந்தப்பாயம் மாறினால் மின்னோட்டம் பிறக்கும் என்பதால், இரு பகுதிகளிலும் குழாய்ச் சுவரைச் சுற்றி ஓடும் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன; இம்மின்னோட்டங்கள் தம்மை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்ற லென்ஸ் விதிப்படி கீழுள்ளது காந்தத்தைத் தள்ளுகிறது, மேலுள்ளது இழுக்கிறது. இழந்த ஆற்றல் செம்பில் வெப்பமாகிறது. வேகம் கூடக்கூடத் தடையும் கூடி, எடைக்குச் சமமானதும் காந்தம் சீரான வேகத்தில் இறங்குகிறது.

நின்றுவிட்டால் தடையே இல்லை. எனவே இந்த பிரேக் வேகத்தைக் குறைக்குமேயன்றிப் பிடித்து நிறுத்தாது. முப்பந்தலில் சுழலுவது போன்ற காற்றாலையைப் பராமரிப்புக்காக அசையாமல் நிறுத்த, உராய்வு பிரேக்கோ பூட்டோதான் வேண்டும்.

பின்சேர்க்கை: காந்தம் குழாயிலேயே ஒட்டிக்கொண்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது செம்பு முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம். வாங்கும்போதே காந்தத்தை வெளியே வைத்துப் பார்த்துவிடவும்.