அணு பேட்டரியில் என்னென்ன ஓடும்? நீங்களே கணக்குப் போடலாம்

எலக்ட்ரானிக்ஸ் கற்க என்னிடம் வரும் பிள்ளைகள், சார்ஜ் இல்லாமல் 50 வருஷம் ஓடும் பேட்டரியைப் பற்றி ஆசையாகக் கேட்கிறார்கள். சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் 2024-இல் அறிவித்த அணு பேட்டரி அது. வருஷத்தை விடுங்கள், முதலில் வாட்டைப் பாருங்கள். நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த அந்த பேட்டரி தருவது 100 மைக்ரோவாட். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 90,000 பேட்டரி வேண்டும். செல்போனை மறந்துவிடலாம்.

ஆனால் மலைக்குடிலில் வெப்பநிலை அனுப்பும் சென்சாருக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது. அதில் தகவல் அனுப்பும் ரேடியோ 50 மில்லிவாட்டில் 0.1 நொடி இயங்கினால் செலவு 5 மில்லிஜூல். 100 மைக்ரோவாட்டில் அது சேர 50 நொடி ஆகும். கசிவு குறைந்த கெப்பாசிட்டரில் சேர்த்து வையுங்கள். சிப் தூங்கும்போது இழுக்கும் மின்சாரத்தையும் கசிவையும் கழிக்க வேண்டும் அல்லவா? அதனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

சரி, கதிரியக்கப் பொருளின் வெப்பத்தை வைத்துக் குடிலைச் சூடாக்க? வேண்டவே வேண்டாம். 2001 டிசம்பரில் ஜார்ஜியா நாட்டின் லியா கிராமத்துக்கு அருகே, காட்டில் சூடாகக் கிடந்த உருளைகளை வைத்து மூன்று பேர் இரவில் குளிர்காய்ந்தார்கள். உள்ளே இருந்தது கதிரியக்க வெப்பத்தில் மின்சாரம் எடுக்கும் சோவியத் கால மின்னாக்கியின் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள். மூவருக்கும் கடுமையான கதிர்வீச்சுக் காயம். ஒருவர் 2004-இல் இறந்தார். காரணமில்லாமல் சூடாக இருக்கும் உலோகத்தைக் கண்டால் தொடாதீர்கள். விலகிப் போய் போலீசுக்குச் சொல்லுங்கள்.