கெமிக்கலில் வேலை செய்த அப்பாவின் கதையை எழுதி வைப்பது எப்படி

என் அப்பா கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலையில் 17 வருடம் வேலை செய்தவர். 1968இல் சேர்ந்தார், 1985இல் போரால் தொழிற்சாலை மூடப்படும் வரை அங்கேதான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் 'கெமிக்கல்', அவ்வளவுதான். அவருடைய கதையை எழுதி முடிக்க எனக்கு இரண்டு மாரி பிடித்தது. கெமிக்கலிலோ ஆனையிறவு உப்பளத்திலோ ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையிலோ வேலை செய்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக்கே தொடங்குங்கள். அந்த ஆட்களில் பலருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

முதல் நாள் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். விறாந்தையில் கதிரையைப் போட்டு, கொப்பியும் பேனையுமாக இருந்து, "அப்பா, உங்கட வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றேன். "என்னத்தைச் சொல்ல பிள்ளை? வேலைக்குப் போனன், உங்களை வளர்த்தன்" என்றுவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அடுத்த நாள் கேள்வியை மாற்றினேன். "விடிய வேலை எண்டால் எத்தனை மணிக்கு எழும்புவியள்?" அன்றைக்கு ஒரு மணித்தியாலம் கதைத்தார். நாலரைக்கு எழும்பியது, லாம்பு வெளிச்சத்தில் அப்பாச்சி சோறு கட்டித் தந்தது, உருத்திரபுரத்தில் இருந்து சைக்கிள் உழக்கியது, வழியில் வயல் வரம்பில் பனி நின்றது எல்லாம் வந்தது.

ஆகவே வாழ்க்கையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். கை என்ன செய்தது, மூக்குக்கு என்ன மணம் வந்தது, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று கேளுங்கள். ஆனையிறவு உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் மின்சாரத்தை விட்டால் குளோரின் ஒரு பக்கமும் கோஸ்ரிக் சோடா மற்றப் பக்கமுமாகப் பிரியும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தும் எனக்கு விளங்கவில்லை, அப்பா சொல்லித்தான் விளங்கியது. குளோரின் குடிதண்ணீரைச் சுத்தம் செய்ய, கோஸ்ரிக் சவர்க்காரம் காய்ச்ச. அப்புறம் தன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். "கோஸ்ரிக் பட்ட உடன எரியாது பிள்ளை. சவர்க்காரம் மாதிரி வழுக்கும். வழுக்கினால் ஓடிப்போய்த் தண்ணியில பிடிக்க வேணும்." குளோரின் காற்றை விடப் பாரம், நிலத்தோடு படியும், அதனால் மணம் வந்தால் குனியக்கூடாது, காற்று வருகிற பக்கமாகப் போக வேண்டும் என்றார். விரல்கள் அந்தத் தேய்ப்பை இன்னும் மறக்கவில்லை. அதையும் எழுதுங்கள், சொன்ன சொல்லை மட்டும் எழுதினால் பாதி போய்விடும்.

வருடம் கேட்டால் குழம்புவார்கள். வேறு அடையாளம் கொடுத்துக் கேளுங்கள். 1964 மார்கழிப் புயலுக்கு முன்னமா பின்னமா? பாண் கியூ காலமா, மிளகாய் விலை ஏறின காலமா? 1977 கலவரத்தில் மலையகச் சனம் வந்து குடியேறினபோது நீங்கள் எந்தப் பகுதியில் வேலை? மாரி மழைக்கு விதைக்கிற காலபோகமா, குளத்துத் தண்ணீரில் விதைக்கிற சிறுபோகமா? என் அப்பாவுக்குத் தன் கலியாண வருடம் தெரியவில்லை. ஆனால் அந்த முறை குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகம் விதைக்கவில்லை என்பது தெரியும். இப்படி நாலு அடையாளம் சேர்ந்தால் வருடம் தானாக வந்து நிற்கும்.

பத்திரங்கள் எங்களில் பலரிடம் இல்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது கொஞ்சம் போனது, 2009இல் மிச்சமும் போனது. எங்கள் வீட்டில் தப்பியது ஒரேயொரு அட்டை. ஊழியர் சேமலாப நிதி அட்டை, நாலாக மடித்து ஷொப்பிங் பையில் சுற்றி அம்மாவின் சட்டைக்குள் இருந்தது. மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது, அங்கத்தவர் இலக்கம் மட்டும் தெரிகிறது. உங்களிடமும் அப்படி ஏதும் இருந்தால் முதல் வேலையாக இரண்டு பக்கமும் படம் எடுங்கள். அப்புறம் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதி எடுக்கலாம். அதைவிட, குடியேற்றக் காணி கிடைத்த குடும்பம் என்றால் காணிக் கிளையில் அனுமதிப்பத்திரத்தைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். காணி பெற்றவரின் பெயரும், அவருக்குப் பிறகு காணி சேர வேண்டிய பின்னுரித்தாளரின் பெயரும் அதில் வரும். வேலணையில் இருந்து காடு வெட்ட வந்த அப்பப்பாவின் முழுப் பெயரை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

சொந்தங்களை எழுதும்போது பெயர் மட்டும் போதாது. எங்கள் குடும்பத்தில் மூன்று கந்தையா. ஊர், வளவு, பட்டப்பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தாய்வழியையும் விடாதீர்கள், அப்பா வேலையில் நின்ற நேரமெல்லாம் வயலைப் பார்த்தது அம்மம்மா.

போரில் இழந்தவர்களைப் பற்றி நீங்களாகக் கிண்டாதீர்கள். அவர் தொடங்கினால் பேனையை வைத்துவிட்டுக் கேளுங்கள். எழுதலாமா என்று பிறகு ஒரு நாள் கேட்கலாம். என் அப்பா ஒரு பெயரை எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும். காற்றாடியை நிறுத்துங்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பதிவை உங்களிடம் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்திடம் ஒன்று, எழுதியதை அச்செடுத்து ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்த ஆட்கள் நாங்கள்.

எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு வையுங்கள். நான் வாசித்து முடித்தபோது அப்பா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரவு வேலையில எங்களுக்குப் பிளேன்ரீ ஊத்தித் தந்த அண்ணையை நீ எழுதேல்லையே" என்றார். பேனையை எடுத்தேன்.