செட்டிக்கு (சோபாவுக்கு) அலங்காரத் தலையணை: மலைநாட்டு வீட்டுக்கு ஏற்றபடி தெரிவு செய்து அடுக்குவது

நிறத்தையும் பூவேலையையும் பார்த்து முதலில் உறையை வாங்கிவிடாதீர்கள். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் என்றால் உள்ளே போகும் பஞ்சைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை ஈரம் வீட்டை விட்டுப் போகாது. இலவம்பஞ்சு கட்டி தட்டும், துவைக்கவும் முடியாது. ஃபோம் துண்டுகள் நனைந்தால் லேசில் காயாது. நான் எடுப்பது பொலியெஸ்டர் பஞ்சு மட்டும்தான். ஈரத்தைக் குடிக்காது, உதறினால் மறுபடி உப்பும்.

அடுத்தது அளவு. எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 18 அங்குல உறைக்குள் 18 அங்குலத் தலையணையைப் போட்டால் நான்கு மூலையும் தொங்கும், நடுவும் சரியும். உள் தலையணை உறையைவிட 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும்: 16க்கு 18, 18க்கு 20. உறையை அளக்கும்போது வெளி விளிம்பை அளக்காமல், உட்புறமாகத் திருப்பித் தையலிலிருந்து தையல் வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். ஓரத்தில் பைப்பிங் (துணி சுற்றிய கயிற்றுக் கரை) வைத்த உறை வெளியே பெரிதாகத் தெரியும், உள்ளே இடம் குறைவு. நுழைக்கும்போது தலையணையை இரண்டாக மடித்து, சிப்புக்கு எதிரே உள்ள இரண்டு மூலைகளிலும் முதலில் பஞ்சை அழுத்தி நிரப்புங்கள். அப்புறம் மடிப்பை விட்டால் மற்றது தானாக விரியும். தையற்கடையில் கொடுத்துத் தைப்பதானால் சிப்பை அடிப்பக்கத்தில், முழு நீளத்துக்கும் வைக்கச் சொல்லுங்கள். சிறிய சிப் வைத்தால் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அல்லாட வேண்டும்.

நிறம் எளிது. திரைச்சீலையில் உள்ள ஒரு நிறத்தை எடுங்கள். மூடுபனி வெளிச்சத்தில் சாம்பல் நிறம் அறையை இன்னும் மங்கலாக்கும். கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் நன்றாக எடுபடும். ஒன்று பெரிய பத்திக் வேலைப்பாடு, ஒன்று கைத்தறிக் கோடு, மீதி வெறும் நிறம். உறைக்குப் பருத்திக் கைத்தறியை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்று பேர் அமரும் செட்டிக்கு ஐந்து போதும். இரு ஓரத்திலும் பெரியது, அதன் முன்னே சற்றுச் சாய்த்துச் சிறியது, நீள்சதுரமான ஒன்று நடுவில். இருவர் செட்டிக்கு மூன்று: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. அடுக்கிய பிறகு உட்கார்ந்து பாருங்கள். முதுகு சாய இடமில்லாவிட்டால் முன்வரிசையில் ஒன்றை எடுத்துவிடுங்கள். விருந்தாளி வந்து தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் நிலை வரக் கூடாது.

பிறகு சேர்த்தது: தலையணையின் பின்புறம் மட்டும் பூஞ்சணம் பிடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். செட்டி வெளிச்சுவரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த சுவரில் ஈரம் படியும். நான்கு விரல் இடைவெளி விட்டாலே காற்று ஓடும்.

தென்மேற்கு மழை அவ்வளவாக எட்டாத கிழக்குச் சரிவில், பண்டாரவளை, பதுளைப் பக்கத்தினர் ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் உள் தலையணையையும் துவைத்துக் காயவைக்கலாம். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் பெப்ரவரி வரை பொறுத்திருங்கள். அவசரமென்று விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட வேண்டாம். பஞ்சில் ஏறிய புகைவாடை அடுத்த துவையலிலும் போகாது.