மனித குலம் இன்னும் எவ்வளவு காலம்? ஊழிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க

ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும். இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் 1980களில் கிளப்பி, தத்துவவாதி ஜான் லெஸ்லி விரித்தெடுத்த வாதம் இது. போர், கொள்ளைநோய், விண்கல் எதையும் ஆராயாமல், இதுவரை எத்தனை பேர் பிறந்தார்கள் என்பதை வைத்தே மனித குலத்தின் முடிவைப் பேசுகிறது. கேட்டால் அபத்தமாகத் தோன்றும். பிழை எங்கே என்று கேட்டாலோ ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள்.

முதலில் உங்கள் பிறப்பு வரிசை எண், அதாவது மனிதர்களில் நீங்கள் எத்தனையாவதாகப் பிறந்தவர் என்பது; இதுவரை பிறந்தவர்களின் எண்ணிக்கையையே தோராயமாக அதற்கு வைத்துக்கொள்ளலாம். இதுவரை பிறந்த மனிதர்கள் சுமார் 11,700 கோடி என்பது மக்கள்தொகை ஆய்வு அமைப்பான பாப்புலேஷன் ரெஃபரன்ஸ் பீரோவின் 2022 மதிப்பீடு. இதில் பத்து சதவீதம் முன்பின் இருந்தாலும் கவலை இல்லை. விடையைப் புரட்டிப்போடும் இடங்கள் வேறு.

அடுத்து, மொத்தத்தில் எத்தனை மனிதர்கள் பிறக்கக்கூடும் என்று மூன்று வரிசை எழுதுங்கள்: 20,000 கோடி, 2 லட்சம் கோடி, 2 கோடி கோடி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அணு ஆயுதம், கிருமி, பருவநிலை எல்லாவற்றையும் யோசித்து, ஒரு முன் நிகழ்தகவு, அதாவது கணக்குக்கு முன்பே உங்களுக்கு எவ்வளவு சாத்தியமாகத் தோன்றுகிறது என்ற சதவீதம், போடுங்கள். இங்கே 5, 15, 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இதைப் பேனாவால் எழுதுவது நல்லது. விடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இதைத் திருத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இனி பேய்ஸ் தேற்றம்: புதுத் தகவலை வைத்து முன் நிகழ்தகவைத் திருத்தும் விதி. மொத்தம் N பேரில் நீங்கள் யாராகவும் இருந்திருக்கலாம் என்றால், குறிப்பிட்ட ஒரு வரிசை எண் உங்களுக்கு அமைய வாய்ப்பு 1/N. எனவே மூன்று வரிசைகளின் எடை 1000, 100, 1 என்ற விகிதத்தில் வரும். முன் நிகழ்தகவால் பெருக்கினால் 5000, 1500, 80. கூட்டுத்தொகை 6580. வகுத்தால் 76, 22.8, 1.2 சதவீதம். ஐந்து சதவீதமாக இருந்த சின்ன எதிர்காலம் எழுபத்தாறாகிவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 13 கோடிப் பிறப்பு இப்படியே தொடர்ந்தால் முதல் வரிசைக்கு மிச்சம் 640 ஆண்டு, இரண்டாவதற்கு 14,500 ஆண்டு.

பலர் நடு வரிசையை விட்டுவிட்டு இரண்டே வாய்ப்புகளோடு கணக்குப் போடுவார்கள். அப்போது 5000-க்கு 95 என்றாகி, சின்ன எதிர்காலம் 98 சதவீதத்துக்குப் போய்விடும். பயமுறுத்தும் கட்டுரைகளில் இந்த எண் வந்தால் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

முன் நிகழ்தகவே போடாத குறுக்கு வழியும் உண்டு. வானியலாளர் ரிச்சர்ட் காட் 1993இல் நேச்சர் இதழில் எழுதியது: ஒன்றை அதன் ஆயுளில் ஏதோ ஒரு தருணத்தில் பார்க்கிறீர்கள் என்றால், அதன் மிச்ச ஆயுள் இதுவரை கழிந்ததில் 39-இல் ஒரு பங்குக்கும் 39 மடங்குக்கும் இடையே இருக்க 95 சதவீத வாய்ப்பு. 1969இல் அவர் பெர்லின் சுவரைப் பார்த்தபோது அதற்கு வயது 8. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்று மடங்கு வரை, அதாவது 2 ஆண்டு 8 மாதம் முதல் 24 ஆண்டு வரை இருக்க 50 சதவீத வாய்ப்பு என்று கணித்தார். 1989இல் சுவர் விழுந்தது. நல்ல கதைதான், நிரூபணம் அல்ல.

இதே சூத்திரத்தை மனிதர்களுக்குப் போடுங்கள். ஹோமோ சேப்பியன்ஸின் வயது 3 லட்சம் ஆண்டு என்றால் மிச்சம் 7,700 முதல் 1.17 கோடி ஆண்டு வரை. ஆண்டுக்குப் பதில் பிறப்பை எண்ணினால்? 11,700 கோடியை 39 ஆல் வகுக்க 300 கோடி. இன்றைய வேகத்தில் அது 23 ஆண்டிலேயே தீர்ந்துவிடும். மேல் எல்லை 35,100 ஆண்டு. சூத்திரம் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. மக்கள்தொகை அண்மைக் காலத்தில் பெருகியதால் இந்த வித்தியாசம். எந்தக் கடிகாரம் என்று சொல்லாத விடையை நம்ப வேண்டாம்.

வேறு தகவல் கையில் இருந்தால் குறுக்கு வழியே கூடாது. நூறு வயதுக்காரருக்கு இதைப் போட்டால் இன்னும் 3,900 ஆண்டு வரை இடம் கொடுக்கும்!

உங்களை யாரோடு சேர்த்து எண்ணுகிறீர்கள் என்பதும் ஒரு தேர்வு. அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களையும் சேர்த்தால் ஒரு விடை. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து நிகழ்தகவு அறிந்தவர்களை மட்டும் எண்ணினால் வேறு விடை. அந்தக் குழு முடிந்துபோவது அழிவாகவும் இருக்கலாம், வேறொன்றாக மாறியதாகவும் இருக்கலாம்.

கடைசியாக, வாதத்தையே அணைக்கும் சுவிட்ச். மனிதர்கள் அதிகம் உள்ள உலகில்தான் நீங்கள் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று ஏற்றால், ஒவ்வொரு வரிசையையும் அதன் N-ஆல் பெருக்க வேண்டும். 5000, 1500, 80 என்பவை 1, 10, 1000-ஆல் பெருகி 5000, 15,000, 80,000 ஆகும்; அதாவது பழைய 5, 15, 80. தத்துவவாதி டென்னிஸ் டீக்ஸின் மறுப்பு இந்த வழியில்தான் போகிறது. இதற்கும் விலை உண்டு என்று தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் காட்டினார்: இரண்டு அண்டவியல் கோட்பாடுகளில் எது அதிக உயிர்களைச் சொல்கிறதோ அதுவே சரி என்று, சோதனையே செய்யாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டி வரும். இதை ஏற்கிறீர்களா இல்லையா என்பதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

சுவிட்சைப் போடாதவர்கள், விதி எழுதியாயிற்று, இனி என்ன செய்து பயன் என்று நினைக்க வேண்டியதில்லை. 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் மோதி டைமார்ஃபாஸ் விண்கல்லின் சுற்றுப்பாதையை மாற்றியதுபோல ஆபத்தைக் குறைக்கும் சேதி வந்தால், முன் நிகழ்தகவு எண்களை மட்டும் திருத்துங்கள்; புதுத் தகவலுக்காகத் திருத்துவது தவறல்ல. அந்த 5 சதவீதம் 2 ஆக இறங்கி 2, 15, 83 என்றானால், 76 சதவீதம் 56 ஆகும்.