கண்மாயில் ஜேசிபி இறங்கும் முன் ஒன்றரை மணி நேரம்

கண்மாய் தூர்வாரும் வேலை பாதியில் சண்டையாக முடிவதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ‘தூர்வாருவது’ என்றால் விவசாயிக்கு வயலுக்கு வண்டல். மீன் குத்தகைக்காரருக்கு ஆழமான குழி. ஆடுமாடு வைத்திருப்பவருக்குக் கோடையிலும் நிற்கிற தண்ணீர். பொறியாளருக்கோ மடையும் (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) வரத்துக்கால்வாயும் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது). இயந்திரம் இறங்கியபின் இதையெல்லாம் பேசினால், பேசுகிற நேரத்துக்கும் வாடகை ஓடும். அதற்கு முன்பே ஒன்றரை மணி நேரம் கூடிப் பேசி முடித்துவிடுங்கள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு, சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு கூடுவது தோது. கண்மாய் காய்ந்து கிடக்கும். அனுமதி வாங்கவும், அக்டோபர் மழைக்கு முன் வேலையை முடிக்கவும் நாள் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மடைக்கு ஒருவர் கட்டாயம். தலைமடைக்காரர்கள் மட்டும் வந்தால் கடைமடை பேச்சில்கூட வராது. நீர்பாய்ச்சி (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர்), மேய்ப்பவர், மீன் குத்தகைக்காரர், பெண்கள் இரண்டு பேராவது, ஜேசிபி ஓட்டுநர் ஆகியோர் இருக்கட்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறைப் பொறியாளர், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர். ஓட்டுநரைக் கூப்பிடாமல் விடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. கடைசியில் மண்ணை வெட்டுவது அவர்தானே.

சாவடியில் கூடினால் யார் எங்கே உட்காருவது என்பதிலேயே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். காலை ஆறரைக்குக் கரையில் மரத்தடியே நல்லது. இரண்டு சார்ட் தாள், மார்க்கர், துண்டுத்தாள், கண்மாய் வரைபடம் போதும்.

முதல் 20 நிமிடம் கரையில் நடங்கள்: மடை, கலுங்கு (நிரம்பியபின் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்), வரத்துக்கால்வாய் வாய். அடுத்த 10 நிமிடம் யாரும் பேசக் கூடாது. ‘வேலை முடிந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வேன்?’ என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும். எழுத வராதவர் சொல்வதை ஒருவர் தனியே கேட்டு எழுதட்டும். முதலில் பேச்சைத் திறந்துவிட்டால் பெரியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

பிறகு தாள்களைப் படித்து, சொற்களுக்குப் பொருள் முடிவு செய்ய 25 நிமிடம். உயிரான பகுதி இதுதான், அவசரப்படாதீர்கள். ‘சீமைக்கருவேலம் அகற்றுவது’ என்றால் வெட்டுவதா, வேரோடு பிடுங்குவதா? வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ‘ஆழம்’ என்றால் எவ்வளவு? மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய இடத்துத் தண்ணீர் மடைவழியாக வயலுக்குப் பாயாது. கால்நடைக்கும் மீனுக்கும்தான் உதவும். அப்படி ஒரு குழி வேண்டுமென்றால் எந்த இடத்தில், எத்தனை அடி என்று வரைபடத்தில் குறியுங்கள். கரையின் அடியை ஒட்டி வெட்டினால் கரை பலமிழக்கும். எவ்வளவு தள்ளி வெட்டுவது என்று பொறியாளர் அங்கேயே சொல்லி, சுண்ணாம்புக் கோடு போடட்டும்.

அளவையும் அங்கேயே கணக்கிடுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழம் எடுத்தால் 43,560 கன அடி. தோண்டிய மண் பொங்கும்; கால் பங்கு கூடுதலாக வைத்தால் 54,000-க்கு மேல். 100 கன அடி பிடிக்கும் டிராக்டருக்கு ஏறக்குறைய 545 நடை. இந்தக் கணக்கைப் பார்த்தபின் ‘மொத்தக் கண்மாயையும் மூன்று அடி’ என்கிற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்த 15 நிமிடத்துக்கு ஒரு கற்பனைக் கேள்வி: ‘வேலை முடிந்தது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐப்பசி மழை நன்றாகப் பெய்தும் கண்மாய் நிரம்பவில்லை. ஏன்?’ வரத்துக்கால்வாயை வாரவில்லை, கலுங்கு உடைப்பை அடைக்கவில்லை என்று பதில்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்று எழுதிய வேலை கிடப்பில்தான் போகும்.

மிச்ச நேரத்தில் இரண்டே முடிவுகள். ஓட்டுநர் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவார் என்பது ஒன்று. அதற்கு ஒரே ஆள்தான். வண்டலை எந்த முறையில் பங்கிடுவது என்பது மற்றொன்று.

தாளைப் படம் எடுத்து அன்று மாலைக்குள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி கைக்கு வரும்வரை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் நாள் வெட்டு முடிந்ததும் அதே ஆட்கள் 20 நிமிடம் கூடி, சுண்ணாம்புக் கோட்டையும் ஆழத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.