நீக்கியும் போகாத லிசனர்: என் அனுபவம்

மூன்று நாளைத் தின்ற சிக்கல், இன்றுதான் தீர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பாப்அப் கிளாஸ் எழுதியிருந்தேன். திறக்கும்போது எஸ்கேப்புக்கும் கிளிக்குக்கும் லிசனர் (அது நடந்தால் ஓடும் ஃபங்ஷன்) சேர்க்கும், மூடும்போது நீக்கும். மூடி மறுபடி திறந்தால், எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தியதற்கே குளோஸ் மெத்தட் இரண்டு தடவை ஓடியது. அடுத்த முறை மூன்று.

முதலில் பிரவுசர் கேஷ் மேல் சந்தேகம். பிறகு ஆப்ஜெக்ட் இரண்டு உருவாகிறதோ என்று கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) எண்ணிப் பார்த்தேன், ஒன்றுதான். லிசனரை நீக்கும் ரிமூவ்இவென்ட்லிசனர் வரியும் ஓடியது, எரர் இல்லை. அங்கேதான் ஏமாந்தேன்: பொருந்தும் ஃபங்ஷன் இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் திரும்பிவிடும்.

ஃபங்ஷனுக்குள் ‘திஸ்’ என்பது பாப்அப் ஆப்ஜெக்ட்டையே குறிக்க, சேர்க்கும்போதும் நீக்கும்போதும் அதைப் பிணைக்கும் பைண்ட் போட்டிருந்தேன். பைண்ட் ஒவ்வொரு அழைப்பிலும் புது ஃபங்ஷன் தரும். எழுத்து ஒன்றே, ஆப்ஜெக்ட் வேறு. அங்கேயே எழுதும் பெயரில்லாத ஆரோ ஃபங்ஷனுக்கும் இதே கதைதான். கன்ஸ்ட்ரக்டரில் ஒரே ஒருமுறை பைண்ட் செய்து ப்ராபர்ட்டியில் வைத்து, இரண்டு இடத்திலும் அதையே கொடுத்தேன். எண்ணிக்கை ஒன்றில் நின்றது.

ஆனால் பாப்அப் மூடிய பிறகும் கிளிக் லிசனர் மட்டும் வேலை செய்தது. சேர்க்கும்போது கேப்சர் (கிளிக்கை உள் உறுப்புக்குப் போகும் வழியிலேயே பிடிக்கும் அமைப்பு) ட்ரூ என்று கொடுத்தவன், நீக்கும்போது கொடுக்கவில்லை. கேப்சர் பொருந்தாததால் நீக்கம் நடக்கவில்லை. அதே ஃபங்ஷனை அதே கேப்சருடன் மறுபடி சேர்த்தால் பிரவுசர் கண்டுகொள்ளாது. அதனால்தான் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கவில்லை. நீக்கும் வரியிலும் ட்ரூ சேர்த்தேன். போய்விட்டது.