முயலை வீட்டுக்குள் திறந்துவிடுவதற்கு முன்

பெங்களூரின் அடுக்குமாடி வீடுகளில் முயல் வளர்ப்போர் பலர் அதை நாள் முழுவதும் கூண்டிலேயே வைத்துவிடுகிறார்கள். முயலின் உடல் ஓடுவதற்கும் தாவுவதற்கும் அமைந்தது. நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று நான்கு மணி நேரமாவது அது வெளியில் உலவ வேண்டும். அதற்காக முதல் நாளே வீடு முழுவதையும் திறந்துவிடுவது கூடாது. கதவை முழுதாகச் சாத்தக்கூடிய ஓர் அறையை மட்டும் முதலில் ஒழுங்குசெய்யுங்கள். முயல்கள் விடியலிலும் அந்தி வேளையிலும்தான் சுறுசுறுப்பாக இருப்பதால், வீட்டில் ஒருவர் கண்காணிக்க முடிகிற காலை அல்லது மாலை நேரத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது.

முயல் கடித்துவிடுமே என்று எல்லோரும் மின்கம்பிகளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் கருத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தரை. நாய், பூனைகளுக்கு உள்ளது போன்ற மெத்தையான பாதம் முயலுக்கு இல்லை, உள்ளங்கால் முழுவதும் ரோமமே. ஆகவே இங்குள்ள வீடுகளின் வழவழப்பான டைல்ஸிலும் கிரானைட்டிலும் அதன் கால்கள் வழுக்கிக்கொண்டே இருக்கும். பின்னங்கால் தசைகள் மிக வலுவானவை, எலும்புகளோ மெலிந்தவை. மிரண்டு உதைக்கும்போது கால் வழுக்கினால் முதுகெலும்பே முறியக்கூடும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வழுக்கலுக்கு அஞ்சும் முயல் ஒரு மூலையிலேயே ஒடுங்கிவிடும், நாமோ அதைச் சோம்பேறி என்று எண்ணிக்கொள்வோம். ஆகவே அது ஓடும் வழி நெடுகிலும் விரிப்பு வேண்டும். சாயமிடாத, பருத்தி நூலால் நெய்த கோரைப்பாய் சிறந்தது, ஏனெனில் சிறிது கடித்துத் தின்றாலும் கெடுதல் இல்லை. அதன் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பை ஓரம் வெளியே தெரியாதபடி பரப்புங்கள். பார்வைக்குக் கோரைப்பாயைப் போலவே இருக்கும் பிளாஸ்டிக் பாயையும், நீண்ட இழைகள் கொண்ட செயற்கைக் கம்பளத்தையும் தவிர்க்க வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது; விழுங்கிய இழை குடலை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

மின்கம்பிகளை முயலுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுவதே முதல் வழி. யுபிஎஸ், வைஃபை ரவுட்டர் போன்றவற்றின் கம்பிகளை ஏற்ற முடியாத இடத்தில், சுவரோடு பொருத்தும் கெட்டியான பிவிசி குழாய்க்குள் அவற்றைச் செலுத்திவிடலாம், பெங்களூர் எஸ்.பி. ரோட்டுப் பக்கத்துக் கடைகளில் இது கிடைக்கும். சுருள் வடிவ மெல்லிய உறைகளை முயல் எளிதில் கடித்துவிடும். கடிப்பது அதன் இயல்பு. பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், அவை தேய்வதற்கு எப்போதும் காய்ந்த புல் வேண்டும். புல் தாராளமாக இருந்தால் சோபாவின் கால் தப்பிக்கும், ஓரளவுக்கேனும்.

சோபா, திவான், பீரோ, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் பின்னாலும் அடியிலும் உள்ள இடைவெளிகளை அட்டையாலோ பலகையாலோ அடைத்துவிடுங்கள். தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும். சாய்வு நாற்காலியை இயக்குவதற்கு முன் அடியில் குனிந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நஞ்சுகள் விஷயத்தில் வீட்டார் அனைவரும், குறிப்பாக வேலைக்கு வருபவரும், ஒத்துழைக்க வேண்டும். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் முயல் நடந்து, பிறகு பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அதன் அறைக்கு வெறும் தண்ணீர் போதும், சிறுநீர்க் கறைக்கு நீர் கலந்த வெள்ளை வினிகர். எறும்புச் சாக்கட்டிக் கோடு, கரப்பான் மருந்து, எலி கேக், பாச்சை உருண்டை எதுவும் அங்கு இருக்கலாகாது. மணி பிளாண்ட், டைஃபன்பாக்கியா போன்ற நச்சுச் செடித் தொட்டிகளை வெளியேற்றுங்கள். பலரும் மறந்துவிடும் ஒன்று அரளி. சாமி படங்களுக்குச் சூட்டிய அரளி மாலையிலிருந்து காய்ந்து விழும் பூவும் இலையும் கொடிய நஞ்சு. முயல் வந்துபோகும் வீட்டில் பூஜைக்கு வேறு பூ வாங்குவதே நல்லது.

பால்கனியை வீட்டின் பகுதியாகக் கருத வேண்டாம். புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையை முயல் எளிதாகக் கடித்து அறுத்துவிடும், இடைவெளி வழியே விழுந்தும்விடலாம். வலையில்லாத பால்கனியில் பருந்தும் பூனையும் உண்டு. வெப்பமும் ஒரு காரணம். 28 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குச் சிரமம் தொடங்கும், பெங்களூரின் மார்ச், ஏப்ரல் மாதப் பிற்பகல்களோ அதைத் தாராளமாகத் தாண்டுகின்றன. அந்த வேளைகளில் திரைச்சீலை இழுத்த அறையில் ஒரு கிரானைட் துண்டும், துணி சுற்றிய உறைநீர் பாட்டிலும் வைத்தால் அது தானாகவே அருகில் வந்து படுத்துக்கொள்ளும்.

அது அடிக்கடி சிறுநீர் கழிக்கும் மூலையிலேயே கழிப்பதற்கான ஒரு தட்டை வைத்து, செய்தித்தாள் விரித்து, மேலே புல்லைப் போடுங்கள். தின்றுகொண்டே கழிப்பது முயலின் பழக்கம் என்பதால் தட்டு விரைவில் பழகிவிடும். பூனைக்கான, நீர்பட்டால் கட்டியாகும் மணலைப் பயன்படுத்தக் கூடாது. கருத்தடை செய்த முயல் தன் எல்லையைக் குறிக்கச் சிறுநீரால் வீட்டை நனைப்பது பெரிதும் குறையும். பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதனால் நீங்கும்.

நாய், பூனைகளையே அதிகம் பார்க்கும் மருத்துவமனைகளில் முயலுக்கு உரிய சிகிச்சை கிடைக்காமல் போகலாம். ஆகவே முயலைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நாய்க்கான ஃபிப்ரோனில் உண்ணி மருந்து முயலுக்கு ஆகாது. அரை நாள் உணவும் தொடாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கலாகாது.

உலவல் முடிந்ததும் துரத்திப் பிடிப்பதைக் காட்டிலும், தினமும் அதே நேரத்தில் சிறிது கொத்தமல்லித் தழையைக் கூண்டில் வைப்பது மேல். சில நாட்களில் தானே திரும்பிவிடும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் காதைப் பிடிக்காமல், மார்பின் கீழ் ஒரு கையும் பின்புறத்தின் கீழ் மற்றொரு கையும் கொடுத்து, உங்கள் உடலோடு அணைத்துத் தூக்குங்கள்.